போலீஸ் வேலை: ஓட்டத்தில் ஜெயித்தவர்கள் ‘வெரிஃபிகேஷனில்’ தோற்பது ஏன்?

எழுத்துத் தேர்வில் பாஸ். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாச்சு. கயிறும் ஏறியாச்சு. தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயரும் வந்தாச்சு. வீட்டில் இனிப்பு கொடுத்து, ஊரில் ஃபிளெக்ஸ்கூட வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து போன ஒரு பக்க அறிக்கையால் பணி ஆணை நின்றுபோகிறது.

இது அபூர்வமாக நடக்கும் விஷயம் இல்லை. ஒவ்வொரு ஆட்சேர்ப்புக்குப் பிறகும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் இப்படி நின்றுபோனவர்களின் ரிட் மனுக்கள் வரிசையாக வருகின்றன. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிவிப்பில் மட்டும் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என மூன்று பதவிகளுக்கும் சேர்த்து 3,644 இடங்கள். மூன்றுக்கும் ஒரே தேர்வு. மூன்றுக்கும் கடைசியில் காவல் சரிபார்ப்பு உண்டு.

கோச்சிங் சென்டர்கள் பொது அறிவு சொல்லித்தருகின்றன, உளவியல் கணக்கு சொல்லித்தருகின்றன, மைதானத்தில் ஓட வைக்கின்றன. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. தேர்வு நடைமுறையில் அது கடைசியில் வருவதால், தயாரிப்பும் கடைசியில்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் விண்ணப்பம் போடும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை இது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

யார் விசாரிக்கிறார்கள், எதை?

‘சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்’ வேறு, ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ வேறு. முதலாவது, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, தமிழ்வழியில் படித்த சான்று போன்ற காகிதங்கள் சரிதானா என்று பார்ப்பது. இரண்டாவது, உங்கள் நடத்தையையும் முந்தைய வரலாற்றையும் பார்ப்பது. தற்காலிகமாகத் தேர்வானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் இதுவும் நடந்த பிறகுதான் ஆணை வரும்.

அப்போது உங்களிடம் ஒரு படிவம் தருவார்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம், எங்கெல்லாம் வசித்தீர்கள், எங்கே படித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதோடு, உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா, கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா போன்ற கேள்விகளும் இருக்கும். இந்தப் படிவம் நீங்கள் வசித்த பகுதியின் காவல் நிலையத்துக்குப் போகும். தனிப்பிரிவுக் காவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பக்கத்து வீட்டிலும் கேட்பார். மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் உங்கள் பெயரைத் தேடுவார்கள். இப்போது நாடு முழுக்க காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ் கணினி வலைப்பின்னல் இருப்பதால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த ஆறு மாதத்தில் நடந்த சண்டை ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது.

பலரும் நினைப்பது போல் இது ‘ஏரியாவில் நல்ல பேர் இருக்கா’ என்கிற பொதுவான விசாரிப்பு மட்டும் அல்ல. அப்படி இருந்தால் பாதிப் பிரச்சினை இருக்காது. இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியின் வார்த்தைகளில்தான் பலரும் விழுகிறார்கள்.

‘விடுதலை ஆயிட்டேனே?’

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14-வது விதி, ‘பி’ பிரிவு. காவலர் பணிக்கு வருபவர், சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை, இரண்டு விளக்கங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது.

முதல் விளக்கம்: சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியாக மாறியதால் விடுதலையானவரும் வழக்கில் ‘சம்பந்தப்பட்டவராகவே’ கருதப்படுவார்கள்.

இதை நம்ம ஊர் நடைமுறையோடு பொருத்திப் பாருங்கள். கோயில் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு. புகார் கொடுக்கும்போது நேரில் அடித்தவர், விலக்கிவிட்டவர், அந்தப் பக்கம் போனவர் என்று பத்துப் பேர் பெயர் சேர்ந்துவிடுகிறது. எதிர்த் தரப்பும் ஒரு வழக்குப் போடுகிறது. ஆறு மாதத்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி சமாதானம் ஆகிவிடுகிறது. வழக்கு விசாரணைக்கு வரும்போது புகார்தாரர் கூண்டில் ஏறி, ‘எனக்கு அடையாளம் தெரியலைங்க’ என்கிறார். எல்லோரும் விடுதலை. வக்கீல் ஃபீஸ் மிச்சம், ஊருக்கும் நிம்மதி. அந்தப் பத்துப் பேரில் ஒரு பையன் போலீஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்றால், அவனுக்கு மட்டும் அந்த சமாதானமே வினையாகிறது. விதியின் கண்ணில் அவன் இன்னும் ‘சம்பந்தப்பட்டவன்’.

இந்த விளக்கத்தை எதிர்த்த வழக்குகளை சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் விசாரித்து, விதி செல்லும் என்றது. அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் இல்லை. வழக்கின் தன்மை, விண்ணப்பதாரரின் வயது, தீர்ப்பில் உள்ள வரிகள் ஆகியவற்றைப் பார்த்து, வேலை கொடுக்கச் சொன்ன நீதிபதிகளும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு.

அப்படியானால் எந்த விடுதலை பிரச்சினை இல்லாதது? நீதிமன்ற மொழியில் அதை ‘ஹானரபிள் அக்விட்டல்’, கண்ணியமான விடுதலை என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. அதை 2012 நவம்பரில் தமிழ்நாடு காவலர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சாட்சியங்களை முழுமையாக ஆராய்ந்து, அரசுத் தரப்பு குற்றச்சாட்டை நிரூபிப்பதில் படுதோல்வி அடைந்துவிட்டது என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால், அதைக் கண்ணியமான விடுதலை எனலாம் என்பதே அந்தத் தீர்ப்பு தரும் அளவுகோல். ஆக, ‘விடுதலை’ என்ற கடைசி வரி மட்டும் போதாது. அதற்கு முந்தைய பத்திகளில் நீதிபதி என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும்.

எனவே உங்கள் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தால், சீருடைப் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்பதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வேறு யாருக்கும் ‘ராஜி ஆயிட்டா போதும்’ என்பது நல்ல ஆலோசனை. உங்களுக்கு அது பாதி ஆலோசனைதான். லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொண்டாலும் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஆனால் கண்ணியமான விடுதலை என்று யாரும் ஏற்றுக்கொண்டாக வேண்டிய கட்டாயம் இல்லை. புகாரே பொய் என்றால் உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் வழி இருக்கிறது (இப்போது பி.என்.எஸ்.எஸ் 528, முன்பு சி.ஆர்.பி.சி 482). அங்கேயும் எந்தக் காரணத்துக்காக ரத்தானது என்பது பார்க்கப்படும். ‘குற்றத்துக்கான முகாந்திரமே இல்லை’ என்று ரத்தாவதும், ‘இரு தரப்பும் சமாதானம்’ என்று ரத்தாவதும் ஒன்றல்ல.

அடுத்த தேர்வுக்கு வாங்க!

இரண்டாவது விளக்கம் இன்னும் கொடுமையானது. அதிகம் பேசப்படாததும் அதுதான். சரிபார்ப்பு நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கண்ணியமான விடுதலை கிடைத்தாலோ, ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று போலீஸே வழக்கை முடித்துவிட்டாலோ, அவர் வழக்கில் சம்பந்தப்படாதவராகக் கருதப்படுவார். நல்லதுதானே? பொறுங்கள். அந்த உரிமையை அவர் அடுத்த ஆட்சேர்ப்பில் கலந்துகொண்டுதான் கேட்க முடியும்.

மறுபடியும் எழுத்துத் தேர்வு, மறுபடியும் ஓட்டம். வயது? இரண்டாம் நிலைக் காவலருக்குப் பொதுப்பிரிவில் உச்ச வரம்பு 26. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 28. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31. அறிவிப்பு வருடா வருடம் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. 27 வயதில் தேர்வான ஒரு எம்.பி.சி இளைஞருக்கு, சரிபார்ப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்துக் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அறிவிப்பு வரும்போது அவருக்கு வயது தாண்டியிருந்தால் அந்தத் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் ஒருவரை மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்க வைப்பது நியாயமாகத் தெரியவில்லை. அவர் நிரபராதி என்பதை நிரூபிக்க எவ்வளவு நாள் ஆனது என்பதற்கு அவர் பொறுப்பு இல்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. விதி மாறும்வரை உங்கள் கையில் இருப்பது நேரம் மட்டுமே.

முதல் வேலை: உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?

பெயர் சேர்க்கப்பட்டது தெரியாமலேயே இருப்பவர்கள் உண்டு. ‘ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க, எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க’ என்பவருக்கு, அன்று அங்கே பதிவானது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா, பெட்டி கேஸா என்றே தெரியாது. சி.எஸ்.ஆர் என்பது புகார் வந்ததற்கான பதிவு, ரசீது. அது குற்ற வழக்கு ஆகாது. எஃப்.ஐ.ஆர் வழக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் சி.எஸ்.ஆரை வழக்கு என்று எழுதுபவர்களும், எஃப்.ஐ.ஆரை ‘சும்மா புகார்தான்’ என்று விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

தெரிந்துகொள்ள வழிகள் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். அதே தளத்தில் பணம் கட்டி உங்களைப் பற்றி நீங்களே சரிபார்ப்பு அறிக்கை கேட்கும் வசதியும் இருக்கிறது. தனியார் வேலைக்குப் பலரும் எடுப்பது அதுதான். சீருடைப் பணியின் விசாரணைக்கு அது மாற்று அல்ல. ஆனால் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதற்கு ஒரு முன்னோட்டம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட சி.என்.ஆர் அடையாளம் உண்டு, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது இனிஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயர் முழுதாக, வீட்டில் கூப்பிடும் பெயர் என்று எல்லா விதமாகவும் தேட வேண்டும். எஃப்.ஐ.ஆரில் பெயர் சொல்பவர் உங்கள் ஆதாரைப் பார்த்துச் சொல்வதில்லை. இவை எதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்.டி.ஐ மனு. 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாள் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் விண்ணப்பத்துக்கு முன்பே என்கிறோம்.

வழக்கு இருந்தது, முடிந்துவிட்டது என்றால் காகிதம் சேருங்கள். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்து குற்றப்பத்திரிகையில் நீக்கப்பட்டிருந்தால் அந்தக் குற்றப்பத்திரிகை உங்களுக்குத் தங்கம். ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று முடித்திருந்தால் அந்த இறுதி அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனதா, நீதிபதி ஏற்றுக்கொண்டாரா என்று பாருங்கள். ஸ்டேஷனில் ‘க்ளோஸ் பண்ணிட்டோம் தம்பி’ என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. ‘வெரிஃபிகேஷனை நான் பார்த்துக்குறேன், இவ்வளவு கொடுத்தா போதும்’ என்று வருகிறவர்கள் சொல்வதும்தான். கணினியில் ஏறிய எஃப்.ஐ.ஆரை யாரும் பணம் வாங்கி அழிக்க முடியாது. அதில் மாட்டினால் புதிதாக ஒரு வழக்கு வரும்.

ஃபைன் கட்டினால் கேஸ் முடிஞ்சுதா?

இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கை. ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே கட்டுகிற அபராதம் வேறு. சட்டம் அதை சமரசத் தொகையாகத்தான் பார்க்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 185-ன் கீழ் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் ‘ஒத்துக்கிறேன் ஐயா’ என்று சொல்லி 10,000 ரூபாய் கட்டுவது வேறு. பின்னது குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனை. பொது இடத்தில் தகராறு செய்ததாகப் போடும் பெட்டி கேஸ்களும் அப்படித்தான். ‘நூறு ரூபாய் ஃபைன்தானே’ என்று கட்டிவிட்டு வந்தவர், படிவத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதுகிறார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை பொய்.

கொரோனா காலத்து வழக்குகளும் போராட்ட வழக்குகளும் இன்னொரு குழப்பம். ஊரடங்கை மீறியதாக இ.பி.கோ 188-ன் கீழ் லட்சக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவானது. சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளுக்கும் அதே மாதம் இதேபோல அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்ததால் உங்கள் வழக்கும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வன்முறை போன்ற பிரிவுகள் சேர்ந்திருந்தால் விலக்கு உண்டு. உங்கள் எண்ணுக்கு என்ன உத்தரவு என்று எழுத்தில் பாருங்கள். வழக்கு இன்னும் அப்படியே கிடந்தால், 188 பிரிவில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் கொடுத்த தீர்ப்பு வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

மறைத்தால் என்ன, சொன்னால் என்ன?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ‘எழுதினா வேலை போயிடும், எழுதாட்டி தெரியாமலே போயிடலாம்ல?’

இந்தியா முழுக்க இதற்கு அடிப்படையாக இருப்பது, அவதார் சிங் வழக்கு என்று அறியப்படும் 2016 ஜூலை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மூன்று நீதிபதிகள் அமர்வு. அதுவரை வந்த முரண்பட்ட தீர்ப்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்தியது. முதல் விதியே, கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்பது. ஆனால் மறைத்துவிட்டாலே எல்லாம் போய்விட்டது என்றும் அது சொல்லவில்லை. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கு, சொல்லியிருந்தாலும் தகுதி போயிருக்காது எனும் அளவுக்குச் சின்னது என்றால், வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். வழக்கு இருந்ததே தெரியாது என்றால் மறைத்ததாகக் குற்றம்சாட்ட முடியாது. படிவத்தில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லாததற்காக ‘மறைத்தார்’ என்று நடவடிக்கை எடுக்க முடியாது.

சரி, உண்மையைச் சொல்லிவிட்டால் வேலை நிச்சயமா? இல்லை. சொன்ன பிறகும் வழக்கின் தன்மையைப் பார்த்து வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை வேலை தருபவருக்கு இருக்கிறது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இதைச் சொல்லாமல் ‘உண்மையைச் சொன்னால் பிரச்சினை இல்லை’ என்று மட்டும் அறிவுரை கூறுவது வாசகரை ஏமாற்றுவது. கணக்கு இப்படித்தான் இருக்கிறது: சொன்னால், நீங்கள் பதில் சொல்ல வேண்டியது வழக்குக்கு மட்டும். மறைத்து மாட்டினால், வழக்குக்கும் மறைத்ததற்கும் சேர்த்து. வழக்கு அற்பமானதாக இருக்கும்போது இரண்டாவதுதான் பெரிதாக நிற்கும்.

உச்ச நீதிமன்றமே இரு பக்கமும் போயிருக்கிறது. 2011-ல் டெல்லி காவல்துறை வழக்கொன்றில், இருபது வயதில் நடந்த அடிதடியைச் சொல்லாமல் விட்ட இளைஞருக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. இளமையில் செய்யும் தவறுகளைக் காலம் முழுக்கச் சுமக்க வைக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பில், ஒரு ரொட்டித் துண்டு திருடியதற்காக வாழ்நாள் முழுக்கத் துரத்தப்பட்ட விக்டர் ஹ்யூகோவின் ஜான் வல்ஜானைக்கூட நீதிபதி துணைக்கு அழைத்திருந்தார். 2022 மே மாதம் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் நிலுவை வழக்கைச் சொல்லாமல் சேர்ந்தவரின் பணிநீக்கம் உறுதியானது. சட்டத்தைக் காக்கும் பணிக்கு அளவுகோல் கடுமையாகத்தான் இருக்கும் என்றது நீதிமன்றம். 2021-ல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்குத் தேர்வாகியிருந்த ஒருவர் ஆள்கடத்தல் வழக்கை மறைக்காமல் சொன்னவர், விடுதலையும் ஆனவர். சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை என்று அவருக்கு வேலை மறுக்கப்பட்டதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதில் ஜெயித்தவர்களின் காலண்டரையும் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 2004-ல் காவலர் தேர்வில் தேர்வானவருக்கு, வழக்கை மறைத்தார் என்று தேர்வை ரத்து செய்தது தவறு எனத் தீர்ப்பு வந்தது 2024-ல்.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்தது

இதில் மட்டும் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 24-வது பிரிவு, சிறார் வயதில் குற்றம் செய்ததாக முடிவானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. வழக்கு முடிந்துவிட்டிருந்தால், நன்னடத்தைச் சான்றுக்காக அந்தப் பதிவைப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74-வது பிரிவு. 16 முதல் 18 வயதில் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் 24-வது பிரிவின் பாதுகாப்பு கிடையாது. 2019-ல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வழக்கில், சிறார் வயதுச் சம்பவத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் உள்ளூர் அறிக்கையில் அது எழுதப்பட்டு வந்துவிடும் அபாயம் உண்டு. இளைஞர் நீதிக் குழுமத்தின் உத்தரவும், பிறந்த தேதிக்கு ஆதாரமான பத்தாம் வகுப்புச் சான்றும் கையில் இருக்கட்டும்.

படிவத்தை நிரப்பும் அன்று

நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். ‘எப்போதாவது’ என்று கேட்கிறதா, ‘தற்போது நிலுவையில்’ என்று கேட்கிறதா என்று ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படியுங்கள். வழக்கு இருந்தால் காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு, சட்டப்பிரிவு, நீதிமன்றம், தற்போதைய நிலை எல்லாவற்றையும் எழுதி, நகல்களை இணைத்து, இணைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். விண்ணப்பித்த பிறகோ, படிவம் கொடுத்த பிறகோ புதிதாக வழக்கு வந்தால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள். தங்கியிருந்த ஊர்களை விடாதீர்கள். ஹாஸ்டல், அக்கா வீடு, பெங்களூரில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ரூம், எதுவாக இருந்தாலும். விட்டுப்போன முகவரி, சும்மா விட்டதுபோலத் தெரியாது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் பத்தாம் வகுப்புச் சான்றோடு பொருந்த வேண்டும். கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ‘நீங்க இப்படி எழுதலை’ என்ற பேச்சு வந்தால் உங்களிடம் இருப்பது அதுதான்.

இதையெல்லாம் செய்தும் வேலை மறுக்கப்பட்டால், காரணத்தோடு எழுத்துபூர்வ உத்தரவு கேளுங்கள். ‘வெரிஃபிகேஷனில் பாதகமான அறிக்கை’ என்று மட்டும் ஒற்றை வரியில் இருந்தால், வழக்கின் தன்மையை அதிகாரி ஆராயவே இல்லை என்பதே உங்கள் முதல் வாதமாக இருக்கும். அவதார் சிங் தீர்ப்பு அந்த ஆராய்தலைத்தான் எதிர்பார்க்கிறது. அரசியல் சாசனம் 226-ன் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யும்போது, வழக்கு முடியும்வரை ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்கும்படி இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் அந்த பேட்ச் சேர்வதற்குள் அந்த மனு நீதிமன்றத்தில் எண் பெற்றிருப்பது நல்லது.